பதினொரு நொடி எரிந்த பேட்ஜ்

உங்கள் வீட்டில் யாராவது கம்பெனி கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு மின்சாரப் பேனலுக்கு முன்னால் நின்று வேலை பார்க்கிறார்களா? அப்படியென்றால் அந்தக் கோட்டின் நெஞ்சில் தைத்திருக்கும் பேட்ஜ் தீப்பிடித்தால் எத்தனை நொடி எரியும் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கோட்டைக் கொடுத்தவர்களும் கேட்கவில்லை. ஒருத்தி கேட்டாள். பதினொரு நொடி என்று பதிலும் கண்டுபிடித்தாள். அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன்.

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பொம்மைக்காரி என்று பெயர். வைத்தவன் கேலிக்கு வைத்தான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வயதில் அங்கே துணி துவைக்கும் அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். பரிசோதனைக்கு வரும் எந்தக் கோட்டையும் முதலில் ஐந்து முறை துவைத்து உலர்த்த வேண்டும். புதுத் துணியின் மினுக்கை நம்பக்கூடாது என்பது விதிமுறை. ஐந்து வருடம் துவைத்தாள். துவைத்துக்கொண்டே பக்கத்து அறையில் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தாள். விதிமுறைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், புரியாத பக்கத்தை மூன்று முறை, அப்போதும் புரியாததை முப்பது முறை படித்தாள். இப்போது வயது நாற்பத்தொன்று. பதினான்கு வருடமாகப் பொம்மைக்குக் கோட்டு மாட்டுவதும் அவள்தான், அதைக் கொளுத்துவதும் அவள்தான்.

பொம்மைக்குத் தலை கிடையாது. இடுப்புக்குக் கீழேயும் ஒன்றும் கிடையாது. நெஞ்சில் வலதும் இடதுமாகச் செம்புத் தகடுகள் பதித்து, முதுகு வழியாக ஒயர் இழுத்திருப்பார்கள். எதிரே ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் இரண்டு கம்பிகள், ஒன்றின் தலைமேல் ஒன்றாக நிற்கும். நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில் மின்சாரம் காற்றைக் கிழித்துக்கொண்டு தாவும்போது பிறப்பதுதான் மின்வில். அரை நொடிதான். அந்த அரை நொடியில் கம்பியின் நுனியே உருகி ஆவியாகிப் போகும். எதிரே நிற்பது மனிதனாக இருந்தால், கண்ணை மூட வேண்டும் என்று அவன் நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு முறையும் அவள் கோட்டை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்து, காலரைத் தூக்கிவிட்டு, பொம்மையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "போயிட்டு வா" என்பாள்.

"அது எங்கக்கா போகப்போகுது? கொளுத்துறதே நீங்கதான்!" என்பார்கள் கூட வேலை பார்ப்பவர்கள்.

"பொம்மைக்கா சொன்னேன்? கோட்டுக்குச் சொன்னேன்டா. போற கோட்டு பொழைச்சு வருதான்னு பார்ப்போம்."

பிறகு கதவைச் சாத்தி, "கண்ணாடி!" என்று சத்தம் போடுவாள். எல்லாரும் கறுப்புக் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். இரும்புக் கதவை யாரோ ஓங்கி அறைந்ததுபோல் ஒரு சத்தம். அதன்பின் அவள் எண்ணத் தொடங்குவாள். தீ ஐந்து நொடிக்கு மேல் எரிந்தால் கோட்டு தோற்றது. உருகினால் தோற்றது. ஓட்டை விழுந்தால் தோற்றது. ஜிப் திறக்காவிட்டாலும் தோற்றது. எரியும் கோட்டுக்குள்ளிருந்து ஆளை வெளியே எடுக்க வேண்டாமா? செம்புத் தகட்டில் ஏறும் சூடு கணினித் திரையில் ஒரு வளைகோடாக ஓடும். தோல் கொப்பளிக்கும் அளவை இன்னொரு கோடாக அதே திரையில் போட்டிருப்பார்கள். முதல் கோடு இரண்டாவதைத் தாண்டினால் முடிந்தது கதை. இதில் தயவுதாட்சண்யம் கிடையாது. சிபாரிசுக்குக் கட்டுப்படும் தீ இதுவரை பிறக்கவில்லை.

அவளுடைய தம்பி ஒரு பெரிய ஆலையில் மின்பிரிவு ஃபிட்டர். அதே வீட்டின் மாடியில் மனைவியோடு குடியிருக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி படியிறங்கி வந்தான்.

"எப்படிக்கா இருக்கேன்? ஆபீசர் மாதிரி இல்ல?"

"திரும்பு."

"முன்பக்கம்தான்க்கா அழகு."

"திரும்புடான்னா."

காலருக்குள் இருந்த சீட்டைப் புரட்டிச் சான்றிதழ் எண்ணைப் படித்தாள். அவள் கொடுத்த எண். போன வருடம் அவள் கையால் கொளுத்திய கோட்டு, சொக்கத் தங்கம். ஒரு நொடி கூட நெருப்பைத் தன்மேல் நிற்க விடாத துணி. அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. தம்பி முன்பக்கம் திரும்பினான். பெருமை அங்கேயே செத்தது.

இடது நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் பேட்ஜ். பளபளவென்று, புடைத்த எழுத்தில், 'பாதுகாப்பே முதல்.' நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக். ஓரத்துத் தையலை இழுத்துப் பார்த்தாள். கடையில் விற்கும் சாதாரண நூல்.

"இது எப்படா வந்துச்சு?"

"போன வாரம். பாதுகாப்பு வாரத்துக்குக் கம்பெனித் தலைவர் ஆலையைப் பார்க்க வந்தாருல்ல. ஃபோட்டோவுல பளிச்சுனு தெரியணும்னு பாதுகாப்பு அதிகாரி எல்லாக் கோட்டுலயும் தைக்கச் சொல்லிட்டாரு. இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும். ஆளுக்கு ரெண்டு கோட்டு. ஏன்க்கா மூஞ்சி இப்படிப் போகுது?"

"நான் கொளுத்தின கோட்டுல இது இல்லடா."

அவன் சிரித்தான். "ஒரு உள்ளங்கை அகலம்க்கா. அதுக்குப் போயி..."

"உள்ளங்கை அகலத்துக்குப் பின்னாடி என்னடா இருக்கு? தொட்டுப் பாரு. துடிக்குதா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். மூன்று வாரத்தில் ஆலையில் ஷட்டவுன். வருடத்துக்கு ஒருமுறை இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாப் பேனலையும் திறந்து வைத்து வேலை பார்ப்பார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு நெஞ்சும் அன்றைக்குத் திறந்த பேனலுக்கு எதிரே நிற்கும். அதற்குள் அந்த மஞ்சள் சனியன் ஒவ்வொரு கோட்டிலிருந்தும் இறங்கியாக வேண்டும். அவளுக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பு இல்லை.

"இன்னொரு கோட்டைக் குடு."

"எதுக்கு?"

"கொளுத்த."

"ஐயோ, கணக்குக் கேப்பாங்களே!"

"நாய் கடிச்சிருச்சுன்னு சொல்லு."

"கோட்டையா?"

"பின்ன உன்னையா கடிக்கும்? அதுக்கும் வாய்க்கு ருசி இருக்குல்ல."

மாடிப்படியிலிருந்து தம்பியின் மனைவி குரல் கொடுத்தாள்: "குடுத்துத் தொலைங்க. அண்ணி கொளுத்தினா எனக்குத் துவைக்கிற வேலையாவது மிச்சம்."

திங்கட்கிழமை சோதனை விண்ணப்பத்தில் தன் பெயரை எழுதி மேலாளரிடம் நீட்டினாள். மேலாளர் கெட்டவர் இல்லை. காகிதத்தைக் கண்டால் கை நடுங்கும் ரகம்.

"இது யார் கேட்ட சோதனை?"

"நான்தான் சார்."

"நீ வாடிக்கையாளர் இல்லையேம்மா."

"கோட்டுக்குள்ள நிக்கிறவன்தான் சார் வாடிக்கையாளர். அவன் இங்க வரமாட்டான். அவனுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்."

"நாம குடுத்த சான்றிதழ் சரியாத்தானே இருக்கு? அதுக்கப்புறம் அவங்க பேட்ஜ் தைச்சா என்ன, பூ வெச்சா நமக்கென்ன?"

"நம்ம நம்பரைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரியுது சார் அது."

மேலாளர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை இயந்திரம் சரியா இருக்கான்னு பார்க்க ஒருதடவை சுடுவோம். அன்னிக்குப் பொம்மைமேல என்ன துணி கிடக்குதுன்னு நான் பார்க்கமாட்டேன்" என்றார். அவருடைய வீரத்தின் எல்லை அது. அவளுக்கு அது போதும். சாப்பாட்டு வேளைகளில் பழைய துவைக்கும் அறைக்குப் போய், விதிமுறை தவறாமல் ஐந்து முறை துவைத்து உலர்த்தினாள். நாளைக்கு எவனும் நொட்டை சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமை கோட்டை மாட்டி, காலரைத் தூக்கிவிட்டு, தோளில் தட்டினாள். "போயிட்டு வா" என்று சொல்ல வாய் வரவில்லை.

"கண்ணாடி!"

சத்தம் அடங்கியது. துணி கறுத்தது, ஆனால் தீ அதில் நிற்கவில்லை, ஒரு நொடிக்குள் அணைந்துவிட்டது. பேட்ஜ் மட்டும் எரிந்தது. ஓரங்கள் சுருண்டு, மஞ்சள் கொழகொழவென்று வழிந்து, வழிந்த இடமெல்லாம் எரிந்தது. அவள் வாய்விட்டு எண்ணினாள். நான்கு. ஐந்து. ஆறு. ஐந்தைத் தாண்டியாயிற்று, கோட்டு தோற்றது. ஒன்பது. பத்து. பதினொன்று.

திரையில் வலது தகட்டின் கோடு, தோல் கொப்பளிக்கும் அளவுக்கு வெகு கீழே, சாதுவாகப் படுத்திருந்தது. இடது தகட்டின் கோடு அந்த அளவைத் தாண்டி மேலே போயிருந்தது. ஒரே கோட்டு, ஒரே மின்வில், ஒரே அரை நொடி. வலப்பக்க நெஞ்சுக்காரன் வீட்டுக்குப் போவான். இடப்பக்க நெஞ்சுக்காரன் ஆஸ்பத்திரிக்குப் போவான். ஜிப் மட்டும் வெண்ணெய் மாதிரி திறந்தது.

மறுநாளே படங்களோடும் வளைகோட்டோடும் ஆலைக்குக் கடிதம் எழுதினாள். நாலாம் நாள் பாதுகாப்பு அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. கோட்டின் சான்றிதழ் செல்லுபடியாகும்; அனுமதியின்றி நடத்திய சோதனையை ஏற்பதற்கில்லை; பேட்ஜ் ஓர் அலங்காரப் பொருள், அது பாதுகாப்பு உடையின் பகுதி ஆகாது. அலங்காரப் பொருளாம்! தீக்கு இந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அனுப்பியிருந்தால் அதுவும் படித்துவிட்டு ஒதுங்கிப் போயிருக்கும்.

தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, உள்ள இருக்கிறது உங்க நம்பர்தானே?" என்றார் அதிகாரி. "உங்க வேலைமேலயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?"

"நான் சோதிச்சது வேற கோட்டு சார்."

"அதே கோட்டுதான்."

"நீங்க ஊசி குத்தின அன்னிக்கே அது வேற கோட்டு ஆயிடுச்சு."

"பார்க்கிறவங்க கண்ணுக்கு நல்லா இருக்கணும்ல."

"யார் பார்க்கிறாங்க சார்? பேனல் பார்க்குதா?"

இணைப்பு அறுந்தது.

அன்று மாலை கத்திரியும் பிளேடும் எடுத்துக்கொண்டு தம்பியை உட்காரவைத்தாள். "பிடிச்சு இழுக்காத. ஒவ்வொரு தையலா அறு. நூல் துணுக்கு ஒண்ணுகூட உள்ள தங்கக்கூடாது." பத்து நிமிடத்தில் பேட்ஜ் கையோடு வந்தது. இத்தனை கடிதப் போக்குவரத்துக்குக் காரணமான சமாசாரம். பத்து நிமிட வேலை. மறுநாள் அவன் எரிந்த பேட்ஜின் படத்தை ஆலைக் கேன்டீனுக்குக் கொண்டுபோனான். படம் கைமாறிக் கைமாறிப் போனது. சாப்பாட்டு மேசைமேல் பிளேடுகள் வந்தன. முப்பத்தொரு பேர் பேட்ஜைப் பிரித்தெடுத்தார்கள்.

அதற்கடுத்த நாள் முப்பத்தொரு மெமோ வந்தது. கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு. பாதுகாப்பு என்று எழுதிய பிளாஸ்டிக்குக்குக் கேடு வந்தால் ஒரே நாளில் காகிதம் பறக்கிறது. அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் துடிப்பதற்குக் கேடு என்று எழுதினால் நாலு நாள் கழித்து அலங்காரப் பொருள் என்று பதில் வருகிறது. இதுதான் இவர்களுடைய நிர்வாகம். மற்றவர்களின் பிளேடுகள் சட்டைப்பைக்குத் திரும்பிப் போயின.

திரும்பிப் போன பிளேடுகளில் ஒன்று சித்தப்பாவுடையது. அவர் யாருக்கும் உறவில்லை. மின்பிரிவின் மூத்த ஃபிட்டர். ஆலை முழுக்க அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிடும். தம்பியோடு ஜோடியாக வேலை செய்பவர். ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்க வீட்டுக்கு வந்தவரிடம், அவள் கத்திரியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"சித்தப்பா, உங்க கோட்டுங்க ரெண்டையும் எடுத்துட்டு வாங்க. நானே பிரிச்சுத் தர்றேன்."

"முப்பத்தாறு வருஷம் உழைச்சேன், ஒரு பதக்கம் குத்தலை. இப்பத்தான் ஒண்ணு குத்தியிருக்காங்க. அதையும் பிடுங்குறியே, நியாயமா?"

"சிரிக்காதீங்க சித்தப்பா. பதினொரு நொடி எரிஞ்சுது."

அவர் டீயைக் கீழே வைத்தார். "தெரியும்மா. படத்தைப் பார்த்தேன். நீ சொல்றது பொய்யின்னு நான் சொல்லலையே. எனக்கு ரிட்டயராக இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு. ஃபைல்ல ஒரு மெமோ ஏறுச்சுன்னா, போற நேரத்துல எதைக் காட்டி எதை நிறுத்துவானுங்களோ யார் கண்டா? பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டிர்றேன்."

ஏழு மாதம். அவளால் அதற்கு மேல் வற்புறுத்த முடியவில்லை. கத்திரியைக் கீழே வைத்தாள். அப்படி வைத்த கையை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஷட்டவுனின் இரண்டாம் நாள். காலையில் வழக்கம்போல் எல்லாரும் வரிசையில் நின்று கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி சொன்னார்கள். பத்து மணிக்குச் சித்தப்பா பேனலுக்கு முன்னால் போனார். நாலடி பின்னால் தம்பி. மின்சாரத்தை முழுக்க அணைத்தாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்திருந்த பேனல் அது. ஒரு பக்கம் அணையாமல் இருந்தது. அரை நொடிதான்.

தம்பியின் கோட்டில் கையும் தோளும் கறுத்தன. உள்ளே ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பாவுக்கு முகத்தைக் கவசம் காத்தது, கையை உறை காத்தது, வயிற்றையும் தோளையும் கோட்டு காத்தது. நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. தம்பி பாய்ந்துபோய்க் கையுறையால் அழுத்தி அணைத்தான். கையுறையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் காயத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "இது என்ன, எழுத்து மாதிரி இருக்கு?"

எழுத்தேதான். புடைத்த இடத்தில் பிளாஸ்டிக் தடிமனாக இருந்ததால் அங்கே தோல் ஆழமாக வெந்திருந்தது. 'முதல்' என்று தெளிவாகப் படிக்கலாம்.

வராந்தாவில் பாதுகாப்பு அதிகாரி தம்பியின் தோளில் கை வைத்து, "எல்லாம் விதி தம்பி. நாம என்ன பண்ண முடியும்?" என்றார். பின்னால் பொம்மைக்காரி நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"எந்த விதி சார்?" என்றாள். "உங்க ஸ்டோர்ல ஊசியும் நூலும் வெச்சுத் தைச்சீங்களே, அந்த விதியா? அந்த விதிக்கு ஆர்டர் நம்பர் இருக்கு. சப்ளை பண்ணின கடை இருக்கு. உங்க கையெழுத்து இருக்கு. நான் எழுதின கடிதத்துக்கு நாலாம் நாள் பதில் போட்டது எந்த விதி?"

நர்ஸ் வந்து சத்தம் போடக்கூடாது என்றாள். அதிகாரி அந்த விதிமுறையை மட்டும் உடனே கடைப்பிடித்தார்.

விசாரணை நடந்தது. வேலையாளின் கவனக்குறைவு என்று முடிவு எழுதுவதற்குமுன் பரிசோதனைக் கூடத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: சான்றிதழ் உண்மையா? ஆம் என்று ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து, சோதித்தவள் என்ற முறையில் கையெழுத்துப் போடும்படி மேலாளர் அவளிடம் நீட்டினார். அவள் பேனாவை எடுத்து அந்தச் சொல்லுக்குக் கீழே எழுதினாள்: 'சான்றிதழ் உண்மை. நான் சோதித்த கோட்டு இதுவல்ல. பேட்ஜ் தைத்த கோட்டை விபத்துக்குப் பதினெட்டு நாள் முன்பு சோதித்தேன். பதினொரு நொடி எரிந்தது. ஆலைக்குத் தெரிவித்தேன். பதில் இணைக்கப்பட்டுள்ளது.'

மேலாளர் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, அவரும் கீழே கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது, ஆனால் போட்டார்.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? இரண்டே நாளில் எல்லாக் கோட்டிலிருந்தும் பேட்ஜ் காணாமல் போனது. அறிவிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை. தைத்த ஆட்களே பிரித்தார்கள். ஆனால் முப்பத்தொரு மெமோவும் இன்னும் ஃபைலில் இருக்கின்றன. விசாரணை முடிவு வெளியே வரவில்லை. பாதுகாப்பு அதிகாரி அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பொம்மைக்காரியைப் பொம்மையிடமிருந்து பிரித்து ஆவண அறைக்கு மாற்றினார்கள். சான்றிதழில் கோட்டின் முன்பக்கப் படமும் பின்பக்கப் படமும் சேர்க்க வேண்டும், படத்தில் இல்லாத எதைத் தைத்தாலும் சான்றிதழ் செல்லாது என்று ஒரு வரி போட வேண்டும் என்று அங்கிருந்து மூன்று முறை எழுதிவிட்டாள். மூன்று முறையும் திரும்பி வந்தது. நாலாவதை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

சித்தப்பா வீடு திரும்பிவிட்டார். அவளைப் பார்த்ததும், "பதக்கத்தை உள்ளேயே குத்திட்டாங்கம்மா. இப்ப உன் கத்திரிக்கும் வராது" என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் மட்டும் சிரித்தார். சிரித்தபோது நெஞ்சு இழுத்து வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் எழுந்து போய், வீட்டில் தொங்கும் அந்தக் கோட்டை வெளிச்சத்தில் விரியுங்கள். பேட்ஜ், பெயர்ப்பட்டை, மினுங்கும் நாடா, எது இருந்தாலும் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். இதோடு சேர்த்தா சோதித்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். சான்றிதழ் எண்ணைக் காட்டினால் போதாது, சோதித்த கோட்டின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். முப்பத்தொரு பேருக்கு மெமோ கொடுத்துவிடலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால் அவ்வளவு காகிதத்துக்கு அவர்களிடம் துணிச்சல் கிடையாது. பதில் வரும்வரை, தயவுசெய்து, கையிலிருக்கும் கத்திரியைக் கீழே வைக்காதீர்கள்.